மேலானவைகளை நாடுவது எப்படி? மாதத் தவணைக்கு நடுவே எழும் கேள்விகள்

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் சபையின் வேதபாட வகுப்பில், அப்போஸ்தலன் பவுல் கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதமான கொலோசெயர் நிருபத்தை எடுத்துக்கொண்டோம். மூன்றாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தைத் தாண்டவே மூன்று வாரம் பிடித்தது. "பூமியிலுள்ளவைகளையல்ல, மேலானவைகளையே நாடுங்கள்" என்பது அந்த வசனம். அதை வாசித்ததும் ஆளுக்கொரு கேள்வி கிளம்பியது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டார்கள். வீட்டுக் கடன், மகள் கல்யாணம், சீட்டுப் பணம், கொழுந்தனாரின் புதுக் கார் எல்லாம் அந்தச் சீட்டுகளில் இருந்தன. நான் வகுப்பில் சொன்ன பதில்களையும், வீட்டுக்கு வந்து படுத்தபின் இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றிய பதில்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் போதகர் அல்ல. வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். ஆகையால் பதில்களில் கணக்கு வாடை கொஞ்சம் அடிக்கும்.

மேலானவைகள் என்றால் ஜெபம், வேதவாசிப்பு, ஊழியம் ஆகியவைதானே?

அப்படித்தான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மேலானது, மற்ற ஆறு நாளும் கீழானவை. பாமாலை மேலானது, மளிகைக் கடைச் சீட்டு கீழானது என்று நாமே ஒரு கோடு கிழித்துவிட்டோம். பவுல் அந்தக் கோட்டைக் கிழிக்கவில்லை. இரண்டாம் வசனத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து வாசியுங்கள். முதலில் களைந்துபோட வேண்டியவற்றைச் சொல்கிறார்: பொருளாசை, கோபம், மூர்க்கம், வம்புவார்த்தை, பொய். அடுத்துத் தரித்துக்கொள்ள வேண்டியவை: இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. பிறகு கதவைத் தட்டாமலேயே நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். புருஷன் மனைவியின்மேல் கசந்துகொள்ளக் கூடாது. தகப்பன் பிள்ளைகளைத் திடனற்றுப் போகும்படி கோபமூட்டக் கூடாது. வேலைக்காரன், எஜமான் பார்க்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்யக் கூடாது. நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் எஜமானின் முறை வருகிறது: தனக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் உண்டு என்று அறிந்து வேலைக்காரருக்கு "நீதியும் செவ்வையுமானதை" செய்ய வேண்டும்.

பரலோகத்தில் தொடங்கிய பேச்சு, பாத்திரம் கழுவ வரும் அம்மாவின் சம்பளத்தில் வந்து நிற்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு இந்த வசனம் முன்புபோல ஆறுதல் வசனமாகத் தோன்றவில்லை. காலண்டரில் அழகாக அச்சிட்டு மாட்டிக்கொள்ளும் வசனமாகவும் தோன்றவில்லை.

ஜெபமும் வேதவாசிப்பும் வேண்டாம் என்கிறேனா? இல்லை. அவை இல்லாமல் அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட நம்மால் செய்ய முடியாது.

அப்படியானால் ஆசைகளை எல்லாம் அடக்கி, எளிமையாக, ருசியில்லாமல் வாழவேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று போதித்தவர்கள் கொலோசெ சபைக்குள் புகுந்திருந்தார்கள். இது பார்வைக்கு ஞானம்போலத் தெரியும், ஆனால் மாம்சத்தை அடக்க உதவாது என்று பவுல் வெட்டிப் பேசுகிறார். அதைச் சொல்லி முடித்த கையோடுதான் மேலானவைகளைத் தேடுங்கள் என்கிறார். பிரியாணியைத் தள்ளிவைத்துவிட்டு, பிரியாணி சாப்பிடுகிறவனைக் குறை பேசிக்கொண்டிருப்பதை அவர் மேலானவை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த நிருபம் ஏழைகளுக்கு எழுதப்பட்டதா, பணக்காரருக்கா?

இரு சாராருக்கும். கொலோசெ, இன்றைய துருக்கியின் தென்மேற்கில், லைகஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர். கம்பளிக்குப் பேர்போனது, பவுலின் காலத்துக்குள் அதன் பழைய செல்வாக்கு குறைந்துவிட்டது. அந்தச் சபையில் எஜமான்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். பிலேமோன் என்ற எஜமானிடமிருந்து போய்விட்ட ஒநேசிமு என்ற அடிமையை இந்த நிருபம் "உங்களிலொருவன்" என்றே குறிப்பிடுகிறது.

நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அடுத்த ஊரைப் பற்றிப் பேசத்தான். நிருபத்தின் முடிவில், இதை லவோதிக்கேயா சபையிலும் வாசியுங்கள் என்று பவுல் எழுதுகிறார். லவோதிக்கேயா சில மணி நேரத்தில் நடந்துபோய்ச் சேரக்கூடிய தூரம். பண வியாபாரமும் கறுப்புக் கம்பளியும் கொழித்த பட்டணம். கி.பி. 60-ஐ ஒட்டி அங்கே பூமியதிர்ச்சி உண்டானபோது, ரோம அரசின் உதவியில்லாமல் சொந்தப் பணத்திலேயே ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். இனி வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "நான் ஐசுவரியவான், திரவியசம்பன்னன், எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த சபை அதே லவோதிக்கேயாவின் சபைதான். நீ தரித்திரன், குருடன், நிர்வாணி என்று ஆண்டவர் அதற்குச் சொல்லவேண்டி வந்தது. மேலானவைகளை நாடுங்கள் என்ற நிருபம் அவர்கள் காதிலும் வாசிக்கப்பட்டிருக்கும். காதில் விழுவது ஒன்று, கைப்பையில் இறங்குவது வேறு.

சம்பாதிப்பதும் சொத்து வைத்திருப்பதும் பாவமா?

இல்லை. இயேசுவோடு சென்ற சில பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணியை விற்றவள். அவள் வீட்டில்தான் பவுல் தங்கினார். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவைக் கண்டித்தபோதுகூட, நிலம் விற்கும் முன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ என்றுதான் பேதுரு கேட்டார். அனனியா மாட்டிக்கொண்டது பொய்யினால். "பணம் எல்லாத் தீமைக்கும் வேர்" என்று பிரசங்கத்தில்கூடச் சிலர் சொல்லிவிடுகிறார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பது "பண ஆசை" என்று. அந்த ஆசை கையில் பணமே இல்லாதவனுக்கும் வரும்.

உலகம் அநித்தியம் என்கிறோம். மாயை என்று மற்றவர்கள் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?

காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "உலகத்திலே நாம் ஒன்றும் கொண்டுவந்ததுமில்லை, இதிலிருந்து நாம் ஒன்றும் கொண்டுபோவதுமில்லை" என்று 1 தீமோத்தேயு 6-இல் வாசிக்கும்போது பழகிய குரலாகவே கேட்கிறது. அதுவரை இரண்டும் சேர்ந்துதான் நடக்கின்றன. பாதை பிரிகிற இடம் கொஞ்சம் தள்ளி வருகிறது. அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனம், தேவன் சகலவித நன்மைகளையும் "நாம் அநுபவிக்கிறதற்கு" சம்பூரணமாய்க் கொடுக்கிறார் என்கிறது. அநுபவிப்பதற்கு என்று கொடுத்ததைப் பொய்த்தோற்றம் என்று எப்படிச் சொல்வது?

2 கொரிந்தியர் 4:18-இல், காணப்படுகிறவைகள் "அநித்தியமானவைகள்" என்று தமிழில் இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்குச் சிறிது காலத்துக்கு உரியது என்று பொருள். கற்பாறை நிலத்தில் விழுந்த விதை "கொஞ்சக்காலமாத்திரம்" நிலைத்தது என்று மாற்கு சொல்வதும் அதே சொல்லால்தான். பொங்கலுக்கு வரும் கரும்பு மாயை அல்ல, இனிக்கத்தான் செய்யும். தை மாதக் கரும்பை ஆடி வரைக்கும் வைத்துச் சாப்பிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தால் நமக்குத்தான் கோளாறு.

இன்னொன்றும் உண்டு. படைத்த எல்லாவற்றையும் தேவன் பார்த்தபோது அது மிகவும் நன்றாயிருந்தது என்று வேதத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. வேதத்தின் கடைசி இரண்டு அதிகாரங்கள் புதிய வானத்தோடு புதிய பூமியையும் காட்டுகின்றன. நம் விசுவாசப் பிரமாணமும் "சரீர உயிர்த்தெழுதலை" அறிக்கையிடுகிறது. சரீரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஆவியாய் மிதக்கப்போகிறோம் என்று அதில் எங்கும் இல்லை.

இருபது வருஷ வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறேன். என் விசுவாசத்தில் குறையா?

கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்று வாங்கும் கடனும், தம்பி மூன்று மாடி கட்டினான் என்று வாங்கும் கடனும் காகிதத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் மனுவில் தெரியாது. மாதத் தவணையில் தெரியும். தவணை போக வீட்டில் யாருக்காவது ஒரு கை கொடுக்க மிச்சம் இருக்கிறதா? மாமியாரின் மருந்துச் செலவைக் கேட்டதும் முகம் சுருங்குகிறதா? ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் வேலைக்குப் போனால்தான் தவணை கட்ட முடியும் என்றாகிவிட்டதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், வீட்டின் அளவு உங்களுக்கு அதிகம். விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எஜமான் மாறத் தொடங்கியிருக்கலாம். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்று ஆண்டவர் சொன்னபோது பணத்தை ஒரு பொருளாக வைத்துப் பேசவில்லை, ஊழியம் வாங்கிக்கொள்ளும் ஒரு எஜமானாக வைத்துப் பேசினார்.

சேமிப்பு, காப்பீடு எல்லாம் நாளைக்காகக் கவலைப்படுவது ஆகாதா?

எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சொல்கிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று பவுல் சொல்கிறார். ஆகவே வருங்கால வைப்பு நிதியை நிறுத்திவிடாதீர்கள்.

வேதத்தில் களஞ்சியத்தோடு வரும் இரண்டு பேரைப் பாருங்கள். யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தான். பஞ்சம் வந்தபோது திறந்தான். அவனை விற்றுப்போட்ட அண்ணன்மாருக்கும் அதில் தானியம் கிடைத்தது. லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். அவன் பேச்சைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்: என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமா. அந்தப் பேச்சில் மனைவி இல்லை, வயலில் அறுத்த கூலியாள் இல்லை, தேவனும் இல்லை. தனியாக உட்கார்ந்து தன் ஆத்துமாவோடே பேசிக்கொண்டிருக்கிறான். தேவன் அவனை மதிகேடனே என்று அழைத்தது களஞ்சியம் கட்ட நினைத்ததற்காக அல்ல.

உங்கள் சேமிப்புக் கணக்கின் சாவி யார் யாருக்காகத் திறக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிப் பாருங்கள். என் சீட்டில் முதல் தடவை மூன்று பேர்தான் வந்தார்கள். அதில் ஒன்று நான்.

விசுவாசித்தால் கர்த்தர் செழிப்பைத் தருவார் என்று பிரசங்கிக்கிறார்களே? வசனமும் காட்டுகிறார்களே?

காட்டுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வசனம்.

ஒன்று 3 யோவான் 2: "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." இது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரிகளில் வரும் நலவிசாரிப்பு. அன்புள்ள அண்ணனுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று நாம் எழுதினோமே, அந்த இடம். அதிலிருந்து பங்களாவுக்கும் காருக்கும் வாக்குத்தத்தம் எடுப்பது, கடித உறையின் மேலிருக்கும் முத்திரையைக் கிழித்துக்கொண்டு பண உத்தரவு என்று தபால் நிலையத்தில் நீட்டுவது போன்றது.

இன்னொன்று மல்கியா 3:10, தசமபாகங்களை (பத்தில் ஒரு பங்கை) பண்டசாலையிலே கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்கிற வசனம். ஐந்து வசனம் மேலே ஏறி, அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை வாசியுங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு, அதாவது அந்நிய நாட்டானுக்கு, அநியாயம் செய்கிறவர்கள் ஆகியோருக்கு விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். காணிக்கை உறை கொடுக்கும் நேரத்தில் ஐந்தாம் வசனம் வாசிக்கப்பட்டதை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. உபாகமம் 14-ஐயும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைவதற்காக ஊர் வாசலிலே வைக்கப்பட்டது.

செழிப்பு உபதேசத்தின் மேல் எனக்குள்ள கோபம் அது பணத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதால் அல்ல. இயேசுவும் பணத்தைப் பற்றி நிறையப் பேசினார். அந்த உபதேசம் பரலோகத்தையே பணம் வாங்கித் தரும் வழியாக ஆக்கிவிடுகிறது. வியாபாரம் நொடித்தவன் வீட்டுக்கு வந்து, உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டும் போகிறது.

தசமபாகம் கொடுக்கவேண்டியது பிடித்தம் போன சம்பளத்திலா, முழுச் சம்பளத்திலா?

இந்தக் கேள்வி எழுதிய சீட்டுகள்தான் அதிகம். உங்கள் மனச்சாட்சி எதைச் சொல்கிறதோ அதைக் கொடுங்கள், உற்சாகமாய்க் கொடுங்கள். ஆனால் ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் பத்தில் ஒன்று அளந்தவர்களிடம், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று ஆண்டவர் சொன்னதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

பசியில் இருப்பவனிடம் நித்தியத்தைப் பார் என்று சொல்வது கொடுமை இல்லையா?

கொடுமைதான். சீட்டில் இந்தக் கேள்வியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் இதை வாசித்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பரலோகத்தைக் காட்டிப் பூமியில் கூலியை அமுக்குவது பழைய தந்திரம். வேதம் அதற்கு இடம் கொடுக்கவே இல்லை. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வெறும் வாயால் சொல்லி அனுப்புகிறவனை யாக்கோபு எள்ளி நகையாடுகிறார். வயலை அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி "கூக்குரலிடுகிறது" என்று ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். மேலானவைகளை நாடு என்ற கட்டளை முதலில் யாருக்குப் பாரமாக இருக்க வேண்டும்? வைத்திருக்கிறவனுக்கு. நாம் அதை இல்லாதவன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் முணுமுணுத்தால் பொருளாசை என்கிறோம்.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசையும் இப்படித்தான் பிரசங்கித்துவருகிறோம். அவளைப்போலக் கொடுங்கள் என்கிறோம். மாற்கு 12-இல் அவள் கதைக்கு நேர் முந்தின வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றியது. ஆண்டவர் அவளைப் புகழ்ந்தார் என்பது மெய். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களை ஒரு மூச்சுக்கு முன்பு ஆக்கினைக்குத் தீர்த்தார் என்பதும் மெய்.

ஆகூரின் ஜெபம் எனக்கு மிகவும் பிடித்தது. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று நீதிமொழிகள் 30-இல் வருகிறது. நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்பேன், வறுமைப்பட்டால் திருடுவேன் என்று காரணமும் சொல்கிறான். தரித்திரத்துக்கு ஆவிக்குரிய மகிமை எதையும் அவன் பூசவில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் இருந்த பக்தி இப்போது ஏன் இல்லை?

தாத்தா காலத்தை ரொம்பவும் மெழுக வேண்டாம். அப்போதும் வரப்புச் சண்டையும் சபைக் கட்சியும் இருந்தன. ஆனாலும் கேள்வியில் உண்மை இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தமது 83-ஆம் வயதில், 1786-இல், தம்முடைய மக்களைப் பற்றியே இந்தக் கவலையை எழுதிவைத்தார். பக்தி வந்தால் மனிதன் குடியை விட்டு உழைக்கிறான், சிக்கனமாயிருக்கிறான். உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைக் கொண்டுவருகின்றன. செல்வம் வந்தால் பெருமையும் உலக ஆசையும் வந்து பக்தியைத் தின்றுவிடுகின்றன. இந்தச் சுழலிலிருந்து தப்ப அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கூடியமட்டும் சம்பாதி, கூடியமட்டும் சேமி, அதோடு கூடியமட்டும் கொடு. முதல் இரண்டையும் நாம் அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டோம்.

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பனங்காட்டு வழியாக மிஷன் பள்ளிக்கு வெறுங்காலோடு நடந்தார். அப்பா வாத்தியார் ஆனார். நான் வங்கிக்குப் போனேன். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஒவ்வொரு படியும் கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொல்லியிருக்கிறோம், அது சரிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் குடும்ப ஜெபம் சில நிமிஷம் குறைந்ததை யாரும் சாட்சியில் சொல்லவில்லை.

வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஒரு வாலிபனைப் பற்றிச் சொன்ன கணக்கு உண்டு. தம்மைப் பற்றியே சொன்னார் என்பது பொதுவான கருத்து. ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 வந்தபோது 62. வருமானம் ஏறியபோது வாழ்க்கைச் செலவை ஏற்றாத ஒரு வாடிக்கையாளரை நான் முப்பது வருஷத்தில் கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அந்நாளின் நம் சபைகளிலும் வேறொரு கணக்கு இருந்தது. எங்கள் ஆச்சி சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவாள். அது ஊழியத்துக்கு. மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் உண்டு. 1903-இல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை உண்டாக்கி, தோர்ணக்கல் பக்கத்துத் தெலுங்கு மக்களிடம் ஆள் அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான வேதநாயகம் அசரியா 1912-இல் அங்கேயே பேராயர் ஆனார். வசதி வந்தபின் அனுப்புவோம் என்று அந்த மக்கள் காத்திருக்கவில்லை.

நகை போடலாமா? மகளுக்குச் சீதனம் கொடுக்கலாமா?

நகையைப் பற்றி சபைக்குச் சபை வழக்கம் வேறுபடுகிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் போடுவதில்லை; எங்களைப் போன்ற சபைகளில் போடுகிறோம். உங்கள் போதகரிடம் கேளுங்கள். நான் பார்த்தவரையில் கழுத்தில் இல்லாத தங்கம் பெட்டகத்தில் இருக்கலாம், கழுத்தில் கிடக்கும் தங்கம் கடனில் வாங்கியதாக இருக்கலாம்.

சீதனம் வேறு. கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், பெண்ணை ஆலயத்துக்குள் அழைத்துவந்து ஆசீர்வதிக்கும் முன்பு வாசலில் விலை பேசுவதை என்னவென்று சொல்வது? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்பது நம் ஊர்களில் கேட்கும் விதங்களிலேயே மிகவும் பக்தியான விதம்.

பெரிய ஆலயம் கட்டுவது மேலானவைகளில் சேருமா?

சேரலாம், சேராமலும் போகலாம். மழை ஒழுகினால் கூரையை மாற்றத்தான் வேண்டும். பக்கத்துச் சபையின் கோபுரத்தைவிட நம்முடையது பத்தடி உயரமாக வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் வந்தால், அது லூக்கா 12-இல் நாம் பார்த்த களஞ்சியம்தான். மேலே சிலுவை வைத்திருக்கிறோம், அவ்வளவே.

ஞாயிறு காலை டியூஷன் இருக்கிறது. பிள்ளையின் எதிர்காலமும் முக்கியம்தானே?

முக்கியம். ஆனால் உங்கள் பிள்ளை டியூஷன் பாடத்தோடு இன்னொரு பாடத்தையும் படித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் மோதினால் அப்பா எதை விடுவார் என்ற பாடம் அது. பரீட்சை முடிந்தபின் அது மறக்காது.

உறவினர் நன்றாக வாழ்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஜெபித்தும் போகவில்லை.

எரிகிறது என்று எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். 73-ஆம் சங்கீதத்தில் ஆசாப்பும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். துன்மார்க்கர் கொழுத்திருக்கிறார்கள், நான் கையைக் கழுவிச் சுத்தமாய் இருந்ததெல்லாம் விருதா என்று பாதிச் சங்கீதம் வரைக்கும் புலம்புகிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபிறகுதான் பார்வை மாறுகிறது. அவர்கள் வீடு சிறியதாகிவிடவில்லை, இவருக்கு மேலும் ஒரு வயலும் கிடைக்கவில்லை. "பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு?" என்று சொல்ல முடிந்தது.

என் அனுபவத்தில் உதவிய ஒரு சின்ன வழி: யாரைப் பார்த்து எரிகிறதோ அவர் பேரைச் சொல்லி, அவர் வீட்டுக் கஷ்டங்களுக்காக ஜெபியுங்கள். கஷ்டம் என்ன என்று தெரியாது என்பீர்கள். விசாரித்துப் பாருங்கள், அவரும் மனுஷர்தான்.

எங்கே தொடங்குவது? ஒரு வழி சொல்லுங்கள்.

கணக்கு நோட்டில் தொடங்குங்கள். சென்ற மாதச் செலவை உட்கார்ந்து எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தியில், அதே மாதத்தில் எந்தெந்த நினைப்பு உங்களைத் தூங்கவிடாமல் செய்தது என்று எழுதுங்கள். "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்று ஆண்டவர் சொன்னார். இருதயம் போகும் இடத்துக்குப் பணம் போகும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் சொன்ன வரிசை வேறு. பணத்தை அனுப்பினால் இருதயம் பின்னால் வரும். ஒரு விதவையின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் என்ன என்று நீங்களே விசாரிப்பீர்கள்.

உபவாசம், வேதவாசிப்பு நேரம், கைப்பேசியை எங்கே வைப்பது ஆகியவை பற்றி உங்கள் போதகர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

படுக்கையில் கிடக்கிறேன். சம்பாத்தியமும் இல்லை, ஊழியமும் இல்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தச் சீட்டைப் பேத்தி கையில் கொடுத்தனுப்பியவர் எங்கள் சபையின் முன்னாள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். பக்கவாதம் வந்து நான்கு வருஷமாகிறது. வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பதில் என்று எதுவும் கொண்டுபோகவில்லை. 2 கொரிந்தியர் நான்காம் அதிகாரத்தை வாசித்தோம்: "எங்கள் புறம்பான மனுஷனானது அழிந்தும், உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது." உபத்திரவத்தை "இலேசான" என்று பவுல் சொல்லும் இடத்தில் அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "ஐந்து தடவை அடி வாங்கினவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நீர் சொல்லாதேயும்" என்றார். சிரித்துவிட்டோம்.

கிளம்பும்போது, அடுத்த புதன்கிழமையிலிருந்து ஜெபிக்கவேண்டிய பேர்களை எழுதித் தரும்படி கேட்டார். இப்போது வாரம் ஒரு தாள் போகிறது. அதில் வீட்டுக் கடன்காரரும் இருக்கிறார், கொழுந்தனாரின் காரைப் பார்த்து எரிந்தவரும் இருக்கிறார். போன வாரம் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். எழுத்து பொடியாக இருக்கிறதாம். பெரிதாக எழுதித் தரும்படி கேட்கிறார்.